புரோஸ்டேட் புற்றுநோயும் புரோட்டான் கதிரும்

"கடையை அடகு வைத்தாவது புரோட்டான் சிகிச்சைதான் செய்துகொள்ள வேண்டுமா?" என்று வினவும் அன்பர்களுக்காக இதனை எழுதுகின்றோம்.

புரோஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னே அமைந்துள்ள சிறு சுரப்பியாகும். அதில் தோன்றும் புற்றுநோயெல்லாம் ஒரே தரமன்று. பி.எஸ்.ஏ. என்னும் இரத்தச் சோதனையின் அளவு 20-க்கு மேற்பட்டாலோ, சதைத் துணுக்கைச் சோதித்துக் கூறும் கிளீசன் எண் 8 முதல் 10 வரை இருந்தாலோ, நோய் சுரப்பியின் வரம்பைக் கடந்திருந்தாலோ, அதனை அதிக அபாயமுள்ளதென வைத்தியர்கள் வகுக்கின்றனர்.

எக்ஸ்ரே கதிர் உடலுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறும்; வழியிலுள்ள நல்ல சதைக்கும் பங்கு போய்ச் சேரும். புரோட்டானோ குறித்த ஆழம் சென்று, தன் சக்தியின் பெரும்பகுதியை அங்கே இறக்கிவிட்டு நின்றுவிடும். விலாசம் பார்த்துச் சரக்கு இறக்கும் ஆளைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆயினும், போகும் வழியில் கொஞ்சம் சிந்தாமலில்லை. இத்தன்மையை வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாமென 1946-ல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் வில்சன் எழுதினார். 1954-ல் பெர்க்லியில் முதல் நோயாளிக்கு அளிக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2023 முதல் கிடைக்கின்றது.

தத்துவம் அழகானதே. பலன் எப்படி? 2024-ல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், 450 ஆண்களில் ஒரு சாராருக்குப் புரோட்டானும், மறுசாராருக்கு நவீன எக்ஸ்ரே முறையும் அளித்துப் பார்த்தனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மலக்குடல் தொல்லையில் வேற்றுமையில்லை. நோய் அடங்கியதிலும் இல்லை. அவர்கள் அபாயம் குறைந்தவர்களும் நடுத்தரமானவர்களுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதிக அபாயமுள்ளோருக்கு இடுப்பிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் கதிர் செலுத்துவதுண்டாதலால், குடலைக் காப்பதில் புரோட்டான் உதவலாமென்று சிலர் கருதுகின்றனர். கருத்து வேறு, நிரூபணம் வேறு.

இவர்களுக்கு நிரூபணமானது மற்றொன்று. ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்தைக் கதிருடன் சேர்த்து மூன்றாண்டு கொடுத்த ஐரோப்பிய ஆராய்ச்சியின் முடிவு 1997-ல் வெளியாயிற்று. ஐந்தாண்டில் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 79. கதிர் மட்டும் பெற்றோரில் 62. எந்தக் கதிராயினும் இம்மருந்தை விட்டுவிடலாகாது. மூன்று மாதத்துக்கொருமுறை போடும் ஊசிகளுண்டு. ஊருக்குப் போய் நாலு மாதம் தங்கும் அன்பர்கள், டிக்கெட் எடுக்குமுன் ஊசித் தேதியைப் பார்த்துக்கொள்க. இம்மருந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதுமுண்டு. நீரிழிவுள்ளோர் அதனை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுதல் வேண்டும்.