ஆக்கியோன் பெயரும் வழியும்

அன்புள்ள பெண்ணே,

நேற்று இரவு நீ தொலைபேசியில் அழுத குரல் இன்னும் காதில் இருக்கிறது. குழந்தைக்குச் சோறு ஊட்டுவது பற்றி நீ எழுதிய கட்டுரையிலிருந்து இரண்டு பத்திகளை வேறொருவர் அப்படியே எடுத்து, உன் மகன் பெயர் இருந்த இடத்தில் தன் மகள் பெயரைப் போட்டு, வேறோர் இதழில் வெளியிட்டுவிட்டார். "நான் பெத்த புள்ளையோட கதையையே எடுத்துட்டாங்க அத்தை" என்றாய். உன் கோபம் நியாயமானது. இரண்டு கட்டுரைகளையும் இணைத்து, தேதிகளைக் குறிப்பிட்டு, அந்த இதழின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுது. எங்கேயும் பதிவு செய்யவில்லையே என்று தயங்காதே. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியதுமே உரிமை உனக்கு வந்துவிடுகிறது.

ஆனால் அழுகை அடங்கியபின் நீ கேட்ட கேள்விதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. "புள்ளை வளர்க்கிறதுல புதுசா எழுத என்ன அத்தை இருக்கு? நான் எழுதினதும் யாரோ சொன்னதுதானே?" பாலர் பள்ளியில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

சட்டம் ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டிருக்கிறது. ஒரு நாடகத்தின் கருவை வைத்துத் திரைப்படம் எடுத்துவிட்டதாக வந்த வழக்கில், 1978இல் உச்ச நீதிமன்றம், கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொல்லியிருக்கும் வடிவத்துக்கே உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆகவே "குழந்தை தானே எடுத்துச் சாப்பிடட்டும்" என்ற கருத்தை யாரும் எழுதலாம். உன் வாக்கியங்களையும் உன் மகனின் கதையையும் எடுத்ததுதான் திருட்டு. ஆனால் சட்டம் விட்டுவிடும் இடத்திலும் எழுதுகிறவருக்கு ஒரு கடமை இருக்கிறது. அதைச் சட்டப் புத்தகத்தில் தேட வேண்டாம், இலக்கண நூலான நன்னூலில் இருக்கிறது.

நூல்கள் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகை என்கிறார் அதை எழுதிய பவணந்தி முனிவர். முதல்நூல் வினையின் நீங்கிய இறைவன் செய்வது. அப்படியென்றால் மனிதர் எழுதுவதெல்லாம் வழிநூலோ சார்புநூலோதான். முன்னவர் சொன்னதைத் தழுவிக்கொண்டு, தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்தால் அது வழிநூல். இரவல் கருத்தில் எழுதுவதை நம் இலக்கணம் இழிவாக நினைக்கவே இல்லை. அதற்கு ஒரு நிபந்தனை மட்டும் வைத்தது. நூலுக்கு முன்னுரையாக வரும் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளில் முதலாவது ஆக்கியோன் பெயர், அடுத்தது வழி. எழுதியவர் யார் என்று சொன்ன கையோடு, அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் துறையில் இதற்கு மரியா மாண்டிசோரியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அவர் மருத்துவர். பிரான்சில் காட்டிலிருந்து மீட்கப்பட்ட ஒரு சிறுவனுக்குக் கற்பிக்க முயன்ற இட்டார், அவர் வழியில் வந்து அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குப் பயிற்சி முறைகளை உருவாக்கிய செகைன் ஆகிய இருவரின் நூல்களையும், ஒவ்வொரு சொல்லின் எடையும் தெரிய வேண்டும் என்பதற்காகத் தன் கையாலேயே இத்தாலிய மொழியில் முழுவதுமாக எழுதிப் பார்த்தார். இதை நமக்குச் சொன்னவரும் அவரே. தன் கல்விமுறை பற்றிய நூலில் அந்த இருவருக்கும் உரிய இடத்தை மறைக்காமல் கொடுத்திருக்கிறார்.

அப்படியானால் அவருடையது என்று எதைச் சொல்வது? 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையின் துளைகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். சுற்றிலும் பிள்ளைகளைப் பாடச் சொன்னார், அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார், அப்போதும் விடவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, நல்ல தூக்கத்திலிருந்து எழுந்தவள்போல் முகம் தெளிந்து தானாகவே நிறுத்தினாள். பொம்மையும் மிட்டாயும் கொடுத்தால்தான் குழந்தை ஓரிடத்தில் உட்காரும் என்று பலரும் நம்பிய காலம் அது. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாரே, அந்தப் பார்வை யாரிடமும் கடன் வாங்கியது அல்ல.

அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர் குஜராத்தின் கிஜுபாய் பத்தேகா. வழக்கறிஞரான அவர் தனக்கு மகன் பிறந்த பிறகுதான் குழந்தை வளர்ப்பு நூல்களைத் தேடினார், மாண்டிசோரியைக் கண்டடைந்தார், 1920இல் பாவ்நகரில் பாலமந்திர் தொடங்கினார். மீசை வைத்த அம்மா என்று ஊரே அவரைச் செல்லமாக அழைத்தது. அவருடைய 'பகல் கனவு' தமிழிலும் வந்திருக்கிறது, படித்துப் பார். அதில் வரும் ஆசிரியர் நான்காம் வகுப்பில் முதல் நாள் அமைதி விளையாட்டை நடத்துகிறார். மாண்டிசோரி பள்ளிகளில் அழகாக நடக்கும் விளையாட்டு அது. இங்கே பிள்ளைகள் கூச்சல் போட்டு அதைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அவர் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, தான் படித்த முறையையும் தூக்கி எறியவில்லை. தன் எதிரில் இருப்பவர்கள் யார் என்று பார்க்கிறார், மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார், வகுப்பு வசப்படுகிறது. இரவல் முறை தோற்ற அந்த நாளை ஒளிக்காமல் எழுதினாரே, அதனால்தான் அந்தப் புத்தகத்தை இன்றும் நம்புகிறேன்.

வழியை மறைப்பதால் வரும் கேடு எழுதியவரின் நாணயத்தோடு நிற்பதில்லை, குழந்தையின் உயிர் வரை போகும். அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூல் 1946இல் வந்து கோடிக்கணக்கில் விற்றது. 1950களின் பிற்பகுதியிலிருந்து வந்த பதிப்புகள், வாந்தி எடுத்தால் மூச்சடைக்கும் என்று அஞ்சிக் கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்லின. அந்த யோசனை பலர் கைமாறிப் பொது அறிவாகிவிட்டது. குப்புறப் படுக்கும் குழந்தைகள் தூக்கத்திலேயே திடீரென இறக்கும் ஆபத்து கூடுதல் என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லும் இயக்கங்கள் தொடங்கின. அமெரிக்காவில் அந்த இறப்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. நம் வீடுகளில் பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை என்று தேன் தொட்டு வைப்பதும் இப்படிக் கைமாறி வந்ததுதான். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்கிறது இன்றைய மருத்துவம், அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரி குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம் என்பதால். "பெரியவங்க சொல்வாங்க" என்று நீ எழுதினால் வாசகிக்கு எதையும் சரிபார்க்க வழியில்லை. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று எழுதினால், அது பழையதாகிவிட்டதா என்று அவளே தேடிப் பார்ப்பாள்.

இனி நீ எழுதும்போது சிலவற்றைக் கைக்கொள். ஒரு நோட்டை எடுத்து, குழந்தை செய்ததை அன்றன்றே தேதி போட்டுக் குறித்து வை. படித்ததையும் கேட்டதையும் வேறு பக்கத்தில், சொன்னவர் பெயரோடு எழுது. இரண்டும் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்து எது உன்னுடையது என்று உனக்கே தெரியாது. பிறர் சொற்களை எடுத்தால் மேற்கோள் குறி போடு. கருத்தை மட்டும் எடுத்தால் அந்த வாக்கியத்திலேயே பெயரைச் சொல். பலிக்காமல் போன யோசனையையும் எழுது. மருந்து, உறக்கம், உணவு பற்றி எழுதும்போது மருத்துவரைக் கேட்காமல் அச்சுக்கு அனுப்பாதே. அடுத்த வீட்டுப் பிள்ளையின் கதை பிடித்திருந்தாலும், அவன் அம்மாவிடம் கேட்காமல் தொடாதே.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லவா வேண்டாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். குழந்தை வாயை மூடிக்கொண்டால் வற்புறுத்தாமல், பருப்புச் சாதத்தை நன்றாகப் பிசைந்து சிறு சிறு உருண்டையாகத் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார வேண்டும் என்று உன் கட்டுரையில் எழுதியிருந்தாயே, அது உன் மாமியார் சொல்லிக் கொடுத்தது. போன பொங்கலுக்கு நான் வந்திருந்தபோது அடுப்படி வாசலில் உட்கார்ந்து அவர் உனக்குக் காட்டியதை நானும் பார்த்தேன். கட்டுரையில் அவர் பெயர் எங்கும் இல்லை. நீ வேண்டுமென்றே விட்டிருக்க மாட்டாய். வீட்டுப் பெண்கள் சொல்லும் அறிவுக்கு உரியவர் பெயர் உண்டு என்று நமக்கு யாரும் பழக்கவில்லை. முதல் நாள் மூன்று உருண்டையைத் தரையில் எறிந்த உன் மகன், நான்காவதை உன் வாயில் ஊட்டினான் என்று எழுதியிருந்தாய். அது மட்டும் உன்னுடையது. உன் கட்டுரை என் கண்ணை நனைத்ததும் அந்த இடத்தில்தான்.

இதழாசிரியருக்கு எழுதும் கடிதத்தை இன்றே அனுப்பு. அடுத்த கட்டுரையைத் தொடங்கும்போது, உன் பெயருக்கு அடுத்த வரியிலேயே, அந்தப் பருப்புச் சாதம் உன் மாமியார் சொல்லிக் கொடுத்தது என்று அவர் பெயரோடு எழுது. அச்சானதும் முதல் பிரதியை அவர் கையில் கொடு.

அன்புடன்,
உன் அத்தை