லண்டன் – நியூயார்க்: தூரம் ஒன்று, நேரம் இரண்டு

லண்டனுக்கும் நியூயார்க்கிற்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர். நியூயார்க்கிலிருந்து லண்டன் செல்ல ஆகாய விமானத்திற்கு ஏறக்குறைய 7 மணி நேரம் ஆகிறது. திரும்பி வரவோ ஏறக்குறைய 8 மணி நேரம் வேண்டும். தூரம் மாறாதிருக்க, நேரம் மட்டும் மாறுவானேன்?

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது என்று படித்திருக்கிறோம். அப்படியானால் மேற்கே பறக்கும் விமானத்தை எதிர்நோக்கி நகரமே வருகிறதே, அந்தப் பயணமல்லவா விரைவில் முடிய வேண்டும் என்று நமக்குத் தோன்றும். அது சரியன்று. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. சீராக ஓடும் ரயில் பெட்டிக்குள் பந்தை மேலே எறிந்தால், அது நம் கைக்கே திரும்பி வருகிறதல்லவா? அதுபோலத்தான்.

உண்மையான காரணம், வட அட்லாண்டிக் கடலுக்கு மேலே, சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு. இதனை ஜெட் காற்றோட்டம் என்பர். தெற்கிலுள்ள வெப்பக் காற்றுக்கும் வடதுருவத்துக் குளிர்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டால் இது உண்டாகிறது. ஆகவே குளிர்காலத்தில் இதன் வேகம் மிகுதி.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்றின் வேகம் 100 கி.மீ. என்று கொள்வோம். ஏறி இறங்கும் நேரத்தை விட்டுவிடுவோம்.

கிழக்கே: 5,550 ÷ 1,000 = 5 மணி 33 நிமிடம்.
மேற்கே: 5,550 ÷ 800 = 6 மணி 56 நிமிடம்.
போய்வர: 12 மணி 29 நிமிடம்.

காற்றே இல்லாவிட்டால் போய்வர 12 மணி 20 நிமிடம் போதும். போகையில் கிடைத்த லாபம் வருகையில் நேர்ந்த நஷ்டத்தை ஈடு செய்யவில்லை. ஏன்? எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் பறக்கிறோம்.

2020 பிப்ரவரியில் புயற்காலத்துக் காற்று உந்த, ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் சேர்ந்தது.

எதிர்க்காற்று உயிருக்கே சோதனையாக இருந்த காலமும் உண்டு. 1919இல் ஆல்காக், பிரௌன் இருவரும் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிழக்கே பறந்து, 16 மணி நேரத்திற்குள் அயர்லாந்தில் இறங்கினர். மேற்கு நோக்கிப் பறக்கத் துணிந்த நங்கெஸ்ஸரும் கோலியும் 1927இல் பாரிசிலிருந்து புறப்பட்டுத் திரும்பவேயில்லை. மறு ஆண்டு, 1928 ஏப்ரலில்தான் 'பிரெமென்' என்ற விமானம் எங்கும் இறங்காமல் மேற்கே அட்லாண்டிக்கைக் கடந்தது. அதுவும் நியூயார்க்கை எட்ட இயலாமல் கனடாவின் ஒரு சிறு தீவில் இறங்கிற்று. ஆகவே தூரத்தை அளந்தால் மட்டும் போதாது. காற்றையும் அறிந்தே எரிபொருள் நிரப்ப வேண்டும்.

தோழியரே, உங்களுக்கு ஒரு கணக்கு: லண்டனில் காலை 10 மணிக்குப் புறப்பட்ட விமானம், உள்ளூர் நேரப்படி பகல் 1 மணிக்கு நியூயார்க்கை அடைகிறது. அங்குள்ள கடிகாரம் லண்டனுக்கு 5 மணி பின்தங்கியது. பயண நேரம் எவ்வளவு? 3 மணி என்று எழுதுபவர்கள் இக்கட்டுரையை மீண்டும் ஒருமுறை படிக்கவும்!