வாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சியும் சப்ரகமுவத் தோட்டங்களும்

விஞ்ஞானி ஒருவரின் பெருமையை அவர் வெளியிட்ட கட்டுரைகளின் தொகையால் அளப்பது இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. எத்தனை என்று கேட்போர் பலர். எதன் பின் எது வந்தது, ஏன் வந்தது என்று கேட்போர் சிலரே. கட்டுரைப் பட்டியல் ஒன்றை ஆண்டு முறைப்படி வாசித்தால், ஒரு மனிதரின் சிந்தனை எவ்வழி நடந்தது என்பது புலனாகும். பேராதனையிற் பல்வைத்தியம் கற்று, பின்னர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் வாய் மருத்துவப் பேராசிரியராய் விளங்கிய சமன் வர்ணகுலசூரிய அவர்களின் பட்டியலை அவ்வாறு வாசித்துப் பார்ப்போம். அதன் ஒரு பகுதி, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவ மாகாணத்து மக்களின் வாய்க்குள்ளேயே எழுதப்பட்டது.

வெற்றிலைக்கும் வாய்ப் புற்றுக்கும் உள்ள உறவு புதிய செய்தியன்று. 1933இல் ஓர் என்னும் மருத்துவர் திருவிதாங்கூர் மக்களிடையே தாம் கண்டதை வெளியிட்டார். 1949இல் பாலேந்திரா என்பார் பிரித்தானிய பல்வைத்திய சஞ்சிகையில் இதே பொருளை ஆராய்ந்தார். திருவிதாங்கூருக்கு ஒருகாலத்திற் பெருமளவு புகையிலை அனுப்பிய ஊர் நமது யாழ்ப்பாணம் என்பதை இவ்விடத்து நினையாதிருத்தல் இயலவில்லை. அவ்வணிகத்தாற் கட்டப்பட்ட கல்வீடுகள் பலவற்றை நாம் அறிவோம்.

வர்ணகுலசூரியவின் பட்டியலில் நாம் முதலில் நின்று நோக்க வேண்டியது 1984ஆம் ஆண்டுக் கட்டுரை. ஏக்கநாயக்க, சிவயோகம், டென்மார்க்கைச் சேர்ந்த பின்ட்போர்க் முதலியோருடன் சேர்ந்து எழுதப்பட்ட இது உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. ஆரம்ப சுகாதார ஊழியர் 34 பேருக்கு வாயைச் சோதிக்கும் முறை கற்பிக்கப்பட்டது. அவர்கள் ஏறத்தாழ ஓராண்டில் 28,000க்கு மேற்பட்டோரின் வாய்களைப் பார்த்தனர். வைத்திய நிபுணரே காண வேண்டும் என்று எண்ணப்பட்டதைச் சிறிது பயிற்சி பெற்ற ஊழியரும் காணலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆயினும் வைத்தியசாலைக்குச் செல்லுமாறு அனுப்பப்பட்டவருள் ஏறத்தாழப் பாதிப் பேரே சென்றனர். நோவில்லாத ஒரு வெள்ளைத் தழும்புக்காக ஒரு நாட் சம்பளத்தை இழந்து பஸ் ஏறுவோர் யார்? இக்கட்டுரையின் வெற்றியைக் காட்டிலும் இந்தக் குறையே நமக்கு அதிகம் கற்பிக்கின்றது.

அடுத்து, 1992இல் ஜோன்சன் என்பாருடன் எழுதிய கட்டுரை நம்மைக் கலத்தின் உள்ளே கொண்டு செல்கின்றது. பி53 என்பது கலம் பிரியுமுன் அதன் பரம்பரைப் பொருள் பழுதுற்றிருக்கின்றதா என்று காவல் செய்யும் புரதம். நல்ல கலத்தில் அது தோன்றிய சிறிது நேரத்தில் அழிந்துவிடுவதால் நுணுக்குக்காட்டியிற் பெரும்பாலும் புலப்படாது. அதன் அமைப்பு மாறிக் கெட்டபோதோ, அழியாது கருவிலே தேங்கும். பிறபொருளெதிரி கொண்டு நிறமூட்டினால் தெரியும். காவற்காரன் கண்ணுக்குத் தென்படுவதே அபாய அறிகுறி என்பது விந்தையன்றோ! புற்றுக் கட்டியில் மட்டுமன்றி, புற்றாக மாறக்கூடிய புண்களிலும் இப்புரதத்தை அவர்கள் தேடினர்.

பாக்கின் தொழிலும் கலத்திலேயே நிகழ்கின்றது. பாக்கிலுள்ள அரிகோலின் முதலிய பொருள்கள் நார் உண்டாக்கும் கலங்களைத் தூண்டிக் கொலாஜனைப் பெருக்குகின்றன. கன்னத்தின் உட்புறம் வெளிறி இறுகுகின்றது. காரம் பட்டால் எரிகின்றது. வாய் சிறிது சிறிதாகத் திறக்க முடியாமற் போகின்றது. சுண்ணாம்பு இவ்விரசாயன மாற்றங்களை விரைவுபடுத்துகின்றது.

இங்கு ஒரு பழைய நம்பிக்கையைச் சொல்லவேண்டும். புகையிலை சேர்த்தாற்றான் கேடு, வெறும் வெற்றிலை பாக்குக்குத் தோஷமில்லை என்று நம் வீடுகளிற் சொல்வதுண்டு. 1985இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும், புகையிலை சேர்ந்த வெற்றிலையையே குற்றவாளியாக்கி, சேராததற்குச் சான்று போதாது என்றது. 2004இல் வெளியிட்ட நூலில் அதே நிறுவனம் தன் தீர்ப்பைத் திருத்தி, புகையிலையின்றி மெல்லும் வெற்றிலையும், பாக்குத் தானும் புற்றுநோய் விளைப்பனவே என்று கூறிற்று. தன் சொல்லைத் தானே மாற்றும் துணிவு விஞ்ஞானத்துக்கு உண்டு. பாட்டிமாருக்கு அது சற்றுக் கடினம்.

இப்பின்னணியிலேதான் சப்ரகமுவ ஆய்வு நிகழ்ந்தது. ஹேமந்த அமரசிங்க தலைமையில், வர்ணகுலசூரிய, ஜோன்சன் ஆகியோரும் பங்குகொள்ள, 2006 நவம்பர் முதல் 2007 நவம்பர் வரை, முப்பது வயதுக்கு மேற்பட்ட 1,029 பேரை ஆராய்ந்தனர். 2010இல் வெளிவந்த கட்டுரைகள், புற்றாகக் கூடிய மாற்றங்கள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினொருவரிடம் இருந்தன என்று காட்டின. புகையிலையுடனாயினும் இன்றியாயினும், வெற்றிலை மெல்வதே தலையாய காரணமாயிற்று. நாளொன்றுக்கு மெல்லும் தடவையும் மென்ற ஆண்டுகளும் ஏற ஏற அபாயமும் ஏறியது.

விடியற்காலையிற் பிரட்டுக்களத்துக்கு வரும் இறப்பர்ப் பால்வெட்டும் தொழிலாளியும், மழையில் நனைந்து கொழுந்து பறிக்கும் பெண்ணும் வெற்றிலையை ஏன் வாயில் அடக்குகின்றனர் என்பது தோட்டத்தில் வாழ்ந்தோர்க்குத் தெரியும். குளிருக்கும் பசிக்கும் சலிப்புக்கும் அது மருந்து. இதை அறியாது பழக்கத்தை மட்டும் பழிப்பது எளிது. நாம் அதனைச் செய்யோம்.

இதே பட்டியலில், பெயரிடுதல் பற்றிய 2007ஆம் ஆண்டுக் கட்டுரை வெறுஞ் சொல்லாராய்ச்சி போலத் தோன்றலாம். 'புற்றுக்கு முந்திய நிலை' என்னும் பழம்பெயரை நீக்கி, 'புற்றாகக் கூடிய கோளாறுகள்' என்னும் பெயரை அது ஏற்றது. இத்தகைய தழும்புகள் யாவும் புற்றாவதில்லை. அன்றியும், தழும்புள்ள வாயில், பார்வைக்கு நன்றாயிருக்கும் வேறோர் இடத்திலும் புற்றுத் தோன்றலாம். பெயர் மாறியதனால் வைத்தியர் தழும்பை மட்டுமன்றி வாய் முழுவதையும் காலந்தோறும் பார்க்கக் கடமைப்பட்டார்.

சப்ரகமுவ ஆய்வின் இன்னொரு கணக்கும் உண்டு. வினவப்பட்டோரில் நூற்றுக்கு எண்பதின்மர் வாய்ப் புற்றுநோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தனர். அதற்கு முன் தோன்றும் மாற்றங்களை அறிந்தவர் இருபத்துமூவரே. தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியராய் இருக்கும் பழைய மாணவர் இதனைக் கவனிப்பாராக. துடைத்தாற் போகாத வெள்ளைத் தழும்பு, அதனினும் அஞ்சத்தக்க செந்நிறத் தழும்பு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் திறப்பது குறைதல் ஆகிய இவற்றைப் பகல் வெளிச்சத்தில் ஒரு சிறு கண்ணாடி கொண்டு பார்த்தறியலாம். நாவின் கீழும் கன்னத்தின் உட்புறமும், வெற்றிலையை அடக்கும் பக்கமும் முதலிற் பார்க்க வேண்டிய இடங்கள்.