படகுக்குள் வயர் ஓட்டப் பழகும் தம்பிகளுக்கு

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி மராமத்துப் பார்ப்பதும் அப்போதுதான். பலகை மாற்றி, இன்ஜின் பார்த்து, பெயின்ட் அடித்து முடித்த பிறகு, கடைசி வாரத்தில்தான் வயர்மேனைக் கூப்பிடுவார்கள். அந்த அவசரத்துக்கு நடுவில்தான் நீங்கள் தொழில் பழகுகிறீர்கள். ஆகவே முதலில் இதை மனதில் வையுங்கள்: இன்ஜின் ஓடும்வரை படகில் எல்லாம் அதிர்கிறது. அசைவது உரசும், உரசுவது தேயும், தேய்ந்த இடத்தில் உப்புத்தண்ணீர் ஏறும். நம் வேலை முழுவதும் இதைத் தடுப்பதுதான்.

1. வயரை அவிழ்க்கும் முன் வழியைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து வீல்ஹவுஸ், அங்கிருந்து அணியம் வரை டார்ச் அடித்து நடந்து, சாக்பீஸால் கோடு போடுங்கள். தண்ணீர் தேங்கும் அடிப்பள்ளத்தை விட்டு, மேல்தளத்தை ஒட்டி எவ்வளவு உயரத்தில் போக முடியுமோ அவ்வளவு உயரத்தில் போங்கள். வலை, கயிறு, ஐஸ் பெட்டி ஆகியவற்றை இழுக்கும் வழியைத் தவிர்த்துவிடுங்கள்.

2. வீட்டு வயர் வேண்டாம். ஒற்றைக் கம்பி அதிர்வில் உள்ளுக்குள்ளேயே முறியும். வெளியே ஒன்றும் தெரியாது. பல இழை கொண்ட, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பிதான் கடலுக்கு ஏற்றது. பூச்சில்லாத செம்பில் உப்பு ஏறினால் உறைக்குள் தூரம்வரை கறுத்துப்போகும்.

3. தடிமனைக் கணக்குப் போட்டு எடுங்கள். 12 வோல்ட் படகில் 10 மீட்டர் தள்ளி 5 ஆம்பியர் இழுக்கும் விளக்குகள் இருந்தால், போக வர 20 மீட்டர் கம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் வழியிலேயே 0.7 வோல்ட் போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.3 வோல்ட்தான் இழப்பு. வழிகாட்டு விளக்குகளுக்கு இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12 வோல்ட்டில் அது 0.36. எதிரே வரும் கப்பலுக்கு உங்கள் விளக்கு தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்தக் கணக்கு.

4. பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பாசிட்டிவ் முனையிலிருந்து 200 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். பியூஸ் விளக்கைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. பியூஸை வீல்ஹவுஸில் வைத்தால், அதுவரை ஓடும் வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது தடுக்க ஒன்றுமே இருக்காது. பியூஸ் போனால் கம்பியைச் சுற்றி ஓட்டும் பழக்கத்தைக் கண்டால், உடனே கழற்றிவிட்டு, உதிரி பியூஸ்களைப் பியூஸ் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு வாருங்கள்.

5. தாங்கலில் கஞ்சத்தனம் கூடாது. 450 மில்லிமீட்டருக்கு ஒரு கிளிப் அடியுங்கள். வங்கு, தடுப்புப் பலகை, ஃபைபர் சுவர் எதைத் துளைத்தாலும் ஓரத்தை அரத்தால் ராவி, ரப்பர் புஷ் போட்டுத்தான் வயரை நுழைக்க வேண்டும். ஃபைபரில் வெட்டிய ஓரத்தை ரெசின் தடவி மூடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பலகை தண்ணீர் குடித்து ஊறும். வெயில் படும் இடத்தில் வெள்ளை கேபிள் டை கட்டாதீர்கள், சீக்கிரம் நொறுங்கிவிடும். வெயில் தாங்கும் கறுப்பு டையைக் கட்டி, வாலை ஒட்ட நறுக்குங்கள். கூராக விட்ட வால் அடுத்து வருபவன் கையைக் கிழிக்கும்.

6. சூட்டையும் டீசலையும் விட்டு விலகுங்கள். தண்ணீர் ஓடிக் குளிர்கிற புகைக்குழாயிலிருந்து 50 மில்லிமீட்டர், உலர்ந்த புகைக்குழாயிலிருந்து 250 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். டீசல் ஹோஸ் போகிற வழி வசதியாக இருக்கிறதே என்று வயரை அதோடு சேர்த்துக் கட்டவே கட்டாதீர்கள். உரசி ஒரு பொறி கிளம்பினால், கசிந்த டீசல் அங்கேயே காத்திருக்கும்.

7. ஹோஸை வயரைவிடக் கவனமாகப் பாருங்கள். வயர் அறுந்தால் விளக்கு அணையும். நீர்மட்டத்துக்குக் கீழே ஹோஸ் கழன்றால் படகே மூழ்கும். அங்கே ஒவ்வொரு துளைக்கும் கை எட்டும் இடத்தில் ஒரு வால்வு, ஒவ்வொரு முனைக்கும் இரண்டு எஸ்.எஸ். கிளிப். உறிஞ்சும் பக்கத்துக்குச் சுருள்கம்பி வைத்த ஹோஸ் போடுங்கள், இல்லாவிட்டால் சப்பிப்போகும். மடிப்பு விழும்படி வளைக்காதீர்கள். அடித்தண்ணீர் இறைக்கும் பம்பின் ஹோஸைத் தளத்தை ஒட்டி மேலே ஏற்றி, பிறகுதான் வெளிவாய்க்கு இறக்க வேண்டும். மீன் நிறைந்து படகு தாழும்போது வெளிவாய் தண்ணீருக்குள் போகும் என்றால், அந்த வளைவின் உச்சியில் காற்று வால்வு அவசியம். அது இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் கடல் அதே வழியாக உள்ளே இறங்கும்.

8. இணைப்பை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். லக் போட்டுச் சரியான கருவியால் அழுத்தி, உள்ளே பசையுள்ள சூட்டுக்குச் சுருங்கும் குழாயை மாட்டுங்கள். பெட்டிக்குள் நுழையும் முன் வயர் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். ஓடிவரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

9. திசைகாட்டி அருகே போகும் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டுங்கள். தனித்தனியாகப் போனால் மின்சாரத்தின் காந்தம் முள்ளைத் திருப்பும். அங்கே இரும்புக் கிளிப்பும் ஆகாது.

10. இரு முனையிலும் எண் கட்டுங்கள். அதே எண்களோடு ஒரு படம் வரைந்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வீல்ஹவுஸில் ஒட்டுங்கள். நடுக்கடலில் இரவில் பழுதைத் தேடப்போவது நீங்கள் அல்ல, டிரைவர். அவர் திறந்து பார்க்க வசதியாக, வயரை மூடிய பலகை எதுவாக இருந்தாலும் ஆணி அடிக்காமல் ஸ்குரூ போடச் சொல்லுங்கள்.

11. ஒப்படைக்கும் முன் இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டி, டார்ச் அடித்துக் கண்ணால் மட்டும் பாருங்கள்: எது ஆடுகிறது, எது எதைத் தொடுகிறது என்று. பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு, ஆடியதை எல்லாம் கட்டுங்கள்.

12. செலவைக் குறைக்கச் சொல்லி ஓனர் கேட்பார். அவர் கஷ்டம் அவருக்கு. அப்போது தயங்காமல் சொல்லுங்கள்: “அண்ணாச்சி, அலங்கார விளக்கு இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம். கிளிப், புஷ், பியூஸ் இதில் ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டேன்.” அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் அந்த வேலையை எடுக்காதீர்கள்.