சிரப் ஊற்றி அனுப்பாதே

திருநெல்வேலி,
ஐப்பசி 20

அன்புள்ள தேவிக்கு,

பெரியம்மா எழுதுவது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று போனில் கேட்டாய். அவசரத்தில் நான் சொன்னது போதாது என்று பட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மூக்கு ஒழுகுகிறது, லேசாக இருமுகிறான், ஆனாலும் இட்லியைச் சாப்பிட்டுவிட்டுத் தங்கச்சியோடு மல்லுக்கு நிற்கிறான் என்றால் தாராளமாக அனுப்பு. சளிக்கெல்லாம் லீவு போட்டால் மழைக்காலம் முழுக்க வீட்டில்தான் இருப்பான்.

காய்ச்சல் அப்படியில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதோடு விடாமல் தெர்மாமீட்டர் வை. 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் வீட்டில் இருக்கட்டும். பாராசிட்டமால் சிரப்பை ஊற்றி, யூனிஃபார்மை மாட்டி அனுப்பிவிடுவார்கள் சிலர். டீச்சராக இருந்த எனக்கு அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததுமே தெரியும். முதல் இரண்டு பீரியட் நன்றாக இருக்கும். இன்டர்வெல் முடிந்ததும் டெஸ்கில் தலை சாயும், கண் சிவக்கும், தொட்டால் சுடும். சிரப் தாங்குவது நாலைந்து மணி நேரம்தான். அதற்குள் பக்கத்துப் பிள்ளைக்கும் ஒட்டியிருக்கும். மருந்தே கொடுக்காமல் ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் பள்ளி.

வாந்தியும் பேதியும் நின்று ஒரு நாளாவது போகட்டும். இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. அதுவரை ஓ.ஆர்.எஸ். கொடு. அம்மை போட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று கணக்குப் பார்க்காதே. கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டதா என்று பார். பேனுக்கு லீவே வேண்டாம், ஈருளியும் பேன் சீப்பும் போதும்.

இது டெங்குக் காலம் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். ஆபத்து வருவதும் அப்போதுதான். 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்று மறுநாளே வேனில் ஏற்றாதே. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைவது, பிள்ளை துவண்டு கிடப்பது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. டாக்டர் சொல்லாமல் பாராசிட்டமாலைத் தவிர வேறு வலி மருந்து எதுவும் கொடுத்துவிடாதே.

உன் கஷ்டமும் தெரியும். உனக்கு லீவு கிடைக்காது, அவனுக்கு நூறு சதவீத வருகைக்கான சர்டிஃபிகேட் வேண்டும். அந்தக் காகிதத்தை எந்தக் காலேஜும் கேட்காது. யார் லீவு போடுவது என்று நீயும் மாப்பிள்ளையும் ராத்திரியே பேசி வையுங்கள். வேன்காரர் ஹாரன் அடிக்கும்போது யோசித்தால் பிள்ளையின் முகம் கண்ணில் படாது, கடிகாரம்தான் படும். பள்ளியிலிருந்து போன் வந்தால் சாக்குச் சொல்லாமல் போய்க் கூட்டி வந்துவிடு.

இரண்டு பேருக்குமே லீவு கிடைக்காவிட்டால் எனக்குச் சொல். ராத்திரி பஸ் ஏறிக் காலையில் வந்துவிடுவேன்.

அன்புடன்,
பெரியம்மா