பயங்கரவாதம்: 2019ஆம் ஆண்டு கற்பிக்கும் பாடம்



எந்தப் பாடத்தையும் தொடங்குமுன் அதன் நோக்கத்தை ஒரு வரியில் எழுதுக என்பது ஆசிரியர் பயிற்சியின் முதல் விதி. இப்பாடத்தின் நோக்கம் இதுதான்: பயங்கரவாதம் என்னும் கொடுமையில், தொலைவிலிருந்து செய்தி கேட்கும் நமக்கும் பங்கு உண்டா என ஆராய்ந்து அறிதல்.

குண்டுவெடிப்பு, துப்பாக்கிச் சூடு ஆகிய செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். "ஐயோ, பாவம்" என்கிறோம். பின்னர் அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறோம். பாடமாகக் கற்க வேண்டுமாயின் ஓர் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே 2019ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் பல சமயத்தாரின் வழிபாட்டிடங்கள் தாக்கப்பட்டன. கொலையே நேரலையாகக் காட்டப்பட்டது. ஒரு நாட்டில் நிகழ்ந்த கொலை வேறு நாடுகளில் நிகழ்ந்த கொலைகளுக்கு வித்தாயிற்று. இம்மூன்றும் ஒருசேரத் தெரிவதால் அவ்வாண்டு கற்றற்குரியது.

1. சொற்பொருள்

தீவிரவாதம், பயங்கரவாதம் என்னும் இரு சொற்களையும் நாம் வேறுபாடின்றி வழங்குகிறோம். கொள்கையில் அளவு கடந்து நிற்பது தீவிரவாதம். அரசியல் அல்லது சமய நோக்கங் கருதிப் பொதுமக்களைத் தாக்கி, எஞ்சியோரை அஞ்சி நடுங்கச் செய்வது பயங்கரவாதம். எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் ஐக்கிய நாடுகள் அவையில் இன்றளவும் உருவாகவில்லை. எனினும் நம் பாடத்திற்கு இவ்விளக்கம் போதும்.

இதில் உற்று நோக்கத்தக்கது ஒன்று உண்டு. பொருளுக்காகக் கொல்லும் கள்வன் இருளை நாடுவான். தன் செயல் எவர்க்கும் தெரியலாகாது என விரும்புவான். பயங்கரவாதியோ தன் செயலை உலகம் முழுதும் காண வேண்டும் என விரும்புகிறான். இறப்பவர் சிலர்; அவன் குறிவைப்பது பார்ப்பவர் அனைவரையும். பார்ப்பவர் இல்லையேல் அவன் எண்ணம் பாதி தோற்றுவிடும்.

2. அவ்வாண்டின் நிகழ்வுகள்

சனவரி 15 அன்று கென்யாவின் தலைநகர் நைரோபியில் விடுதி வளாகம் ஒன்றை அல்-ஷபாப் அமைப்பினர் தாக்கினர். 21 பேர் மாண்டனர். சனவரி 27, ஞாயிற்றுக்கிழமை, பிலிப்பைன்ஸ் நாட்டின் ஹோலோ நகரப் பேராலயத்தில் வழிபாட்டு வேளையில் இரு குண்டுகள் வெடித்தன. 20 பேர்க்கு மேல் உயிரிழந்தனர். பிப்ரவரி 14 அன்று காசுமீரத்தின் புல்வாமாவில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் 40 பேர் உயிர் நீத்தனர். அவர்களுள் இருவர் நம் தமிழ்நாட்டினர்.

மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் தொழுகைக்குக் கூடியிருந்த இசுலாமியர்மீது, வெள்ளையரே மேலோர் என்னும் வெறி கொண்ட ஒருவன் இரு பள்ளிவாசல்களில் துப்பாக்கியால் சுட்டான். 51 பேர் மாண்டனர். ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறு. இலங்கையில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் ஆலயம் ஆகிய மூன்றிலும், கொழும்பின் மூன்று விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுதாரிகள் இரு நூற்றைம்பது பேர்க்கு மேல் கொன்றனர். அவர்களுள் தமிழர் பலர். சீயோன் ஆலயத்தில் இறந்தவர்களுள் ஞாயிறு வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பலர் இருந்தனர்.

ஆகஸ்டு 17 அன்று ஆப்கானித்தானின் காபூல் நகரில் திருமண மண்டபம் ஒன்றில் குண்டு வெடித்து அறுபது பேர்க்கு மேல் இறந்தனர். திசம்பர் 28 அன்று சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் சரக்குந்து குண்டு எண்பது பேர்க்கு மேல் உயிரைக் குடித்தது.

இப்பட்டியலைப் பார்க்கும்போது ஓர் உண்மை விளங்கும். கிறித்தவர், இசுலாமியர், இந்துக்கள், யூதர் என இறந்தோர் எல்லாச் சமயத்தினரும் ஆவர். காபூலிலும் மொகதிஷுவிலும் இறந்தோருள் பெரும்பாலோர் இசுலாமியரே. "அந்தச் சமயத்தார் கொல்கின்றனர், இந்தச் சமயத்தார் சாகின்றனர்" என எளிதாகக் கோடு கிழிக்க இயலாது.

3. கணக்கு சொல்வது

பொருளாதாரம், அமைதி ஆகியன பற்றி ஆராயும் சிட்னி நகர நிறுவனம் ஒன்று ஆண்டுதோறும் பயங்கரவாதக் குறியீட்டை வெளியிடுகிறது. அதன் 2020ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2019இல் உலகெங்கும் பயங்கரவாதத்தால் இறந்தோர் 13,826 பேர். இது முந்தைய ஆண்டைவிட 15 விழுக்காடு குறைவு. 2014ஆம் ஆண்டு உச்சத்திற்குப் பின் தொடர்ந்து ஐந்தாவது ஆண்டாக எண்ணிக்கை குறைந்திருந்தது. இறப்புகளில் 96 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஏற்கெனவே போர் நடைபெறும் நாடுகளிலேயே நிகழ்ந்தன. ஆப்கானித்தான் மட்டுமே ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு துயரைச் சுமந்தது.

ஆக, இறப்பு குறைந்தது. ஆனால் அச்சமும் வெறுப்பும் குறைந்தனவாகத் தெரியவில்லை. ஏன்? இவ்வினாவே பாடத்தின் நடுப்பகுதி.

4. ஒரு கொலை ஐந்தான கதை

கிறைஸ்ட்சர்ச் கொலைஞன் தன் தலையில் பொருத்திய ஒளிப்படக் கருவியால் அக்கொடுமையை 17 நிமிடம் முகநூலில் நேரலையாகக் காட்டினான். அந்நிறுவனமே வெளியிட்ட கணக்கின்படி, நேரலையில் பார்த்தவர் 200 பேர்க்கும் குறைவு. நீக்கப்படுமுன் பார்த்தவர் ஏறத்தாழ 4,000 பேர். ஆனால் அடுத்த 24 மணி நேரத்தில் அந்நிறுவனம் நீக்கிய படிகளோ 15 இலட்சம்! அவற்றுள் 12 இலட்சம் ஏற்றப்படும்போதே தடுக்கப்பட்டன. மற்றவை மக்கள் கண்ணில் பட்டிருக்கக்கூடும்.

அந்த 15 இலட்சம் படிகளையும் கொலைஞன் ஏற்றவில்லை. அதற்குள் அவன் காவலில் இருந்தான். ஏற்றியவர் பொதுமக்கள். சிலர் வெறியால், சிலர் ஆவலால், சிலர் "எவ்வளவு கொடுமை, பாருங்கள்" என்னும் இரக்கத்தால் அனுப்பினர். நோக்கம் எதுவாயினும் விளைவு ஒன்றே.

விளைவைப் பாருங்கள். ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துப் போவே நகரில் யூதர் ஆலயத்தில் ஒருவன் சுட்டான். ஒரு பெண்மணி மாண்டார். ஆகஸ்டு 3 அன்று டெக்சாசு மாநிலத்து எல் பாசோ நகர அங்காடியில் மற்றொருவன் சுட்டான். 23 பேர் உயிரிழந்தனர். இவ்விருவரும் தம் எழுத்தில் கிறைஸ்ட்சர்ச் கொலைஞனைப் போற்றியிருந்தனர். ஆகஸ்டு 10 அன்று நார்வே நாட்டில் அவனையே போற்றிய ஓர் இளைஞன் முதலில் தன் மாற்றாந்தாய் வழித் தங்கையைக் கொன்றான். பின்னர் ஓஸ்லோ அருகே பள்ளிவாசலுக்குள் ஆயுதத்துடன் புகுந்தான். அக்டோபர் 9 அன்று, யூதர்தம் மிகப் புனித நோன்பு நாளில், ஜெர்மனியின் ஹாலே நகரில் ஒருவன் தன் தாக்குதலை நேரலையாகவே காட்டினான். தொழுகைக் கூடத்தின் கதவு உறுதியாக நின்றமையால் உள்ளிருந்த ஐம்பது பேர் பிழைத்தனர். வெளியே இருவர் மாண்டனர். ஒரே ஆண்டில், நான்கு நாடுகளில், ஐந்து கொடுமைகள். முந்தைய தீயின் பொறி அடுத்த கூரையில் விழுந்தது. பொறியைச் சுமந்து சென்ற காற்று எது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

5. மூன்று வாயில்கள்

வினை மூன்று வாயில்களால் வருமென நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தாரை உடன்படுதல். மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடு பெருக்கினால் ஒன்பதாகும். இதனை நாம் பெரும்பாலும் உணவு, உழவு, வாணிகம் ஆகியவற்றோடு பொருத்தியே பேசுகிறோம். கைப்பேசியோடும் பொருத்திப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

துப்பாக்கி ஏந்தியவன் செய்தவன். வெறுப்பைப் போதித்து அவனை உருவாக்கியவர் செய்வித்தவர். அக்காட்சியைக் கண்டு மகிழ்ந்தோர் உடன்பட்டோர். மகிழாமல், ஆராயாமல் அனுப்பியோர் எவ்விடத்தில் நிற்கின்றனர்? உடன்பட்டார் எனச் சொல்ல மனம் வரவில்லை. ஆயினும் கொலைஞன் விரும்பிய பணியை ஊதியமின்றிச் செய்தவர் அவரே. நீரை வடிகட்டிப் பருகும் கையும், பொழுது சாயுமுன் உணவை முடிக்கும் கையும், இரவில் பிணக்காட்சியைப் பத்துப் பேர்க்கு அனுப்பலாமா? ஒவ்வோர் இல்லமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.

மொழியால் உடன்படுதல் இன்னும் நுட்பமானது. இலங்கைக் குண்டுவெடிப்புக்குப் பின், மே மாதத்தில் அந்நாட்டின் வடமேல் மாகாணத்திலும் அண்டைப் பகுதிகளிலும் கும்பல்கள் இசுலாமியர்தம் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் சூறையாடின, ஒருவர் கொல்லப்பட்டார். அரசு சமூக வலைத்தளங்களைத் தற்காலிகமாக முடக்க நேர்ந்தது. சூறையாடப்பட்ட கடைக்காரர்க்கும் குண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. "அவர்கள் எல்லாரும் இப்படித்தான்" என்னும் ஒரு சொற்றொடர் ஆயிரம் வாயில் புரண்டு, இறுதியில் யாரோ ஒருவன் கையில் கல்லாகிறது.

பொறுப்பில் இருந்தோர் பாராமுகமாய் இருத்தலும் பிழையே. இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4 அன்றே எச்சரிக்கை சென்றிருந்தும் இலங்கையில் தக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை. 2023 சனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த மைத்திரிபால சிறிசேனா 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

6. சங்கிலியை அறுத்தவர்

அவ்வாண்டில் இருள் மட்டுமே இருந்தது எனக் கருத வேண்டா. மட்டக்களப்பு ஆலய வாயிலில் பெரும் பையுடன் வந்தவனை ஐயுற்று, உள்ளே விடாது தடுத்தார் ஒருவர். அவர் உயிர் நீத்தார். உள்ளிருந்தோர் பலர் பிழைத்தனர். கிறைஸ்ட்சர்ச்சின் இரண்டாம் பள்ளிவாசலில் ஆயுதம் ஏதுமின்றிக் கொலைஞனை எதிர்த்து ஓடச் செய்தார் மற்றொருவர். நார்வேயில் புகுந்தவனை மடக்கிப் பிடித்தவர் 65 வயது முதியவர். முதுமை என்பது இயலாமை அன்று என நாமும் மகிழலாம்.

நியூசிலாந்துத் தலைமை அமைச்சராக இருந்த ஜெசிந்தா ஆர்டெர்ன், கொலைஞனின் பெயரைத் தாம் ஒருபோதும் சொல்லப் போவதில்லை என நாடாளுமன்றத்தில் அறிவித்தார். இழந்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள் என வேண்டினார். ஒரு மாதம் முடியுமுன், ஏப்ரல் 10 அன்று, போர்க்களத்துக்குரிய அரைத் தானியங்கித் துப்பாக்கி வகைகளைத் தடை செய்யும் சட்டம் 119 வாக்குகளுக்கு 1 என்ற அளவில் நிறைவேறியது. மே 15 அன்று அவரும் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மக்ரோனும் பாரிசு நகரில் நாடுகளையும் இணைய நிறுவனங்களையும் கூட்டி, இத்தகைய காட்சிகள் பரவாது தடுக்க உறுதிமொழி பெற்றனர். கொலைஞனுக்கு 2020 ஆகஸ்டில் விடுதலைக்கு வழியற்ற வாழ்நாள் சிறைத் தண்டனை கிடைத்தது. பொறுமை வேறு, நீதியைக் கைவிடுதல் வேறு என்பதை இதனால் அறியலாம்.

அந்நகரில் தம் மனைவியைப் பறிகொடுத்த ஒருவர், நினைவுக் கூட்டத்தில் பல்லாயிரவர் முன்னிலையில், கொன்றவனைத் தாம் மன்னித்ததாகக் கூறினார். தம் நெஞ்சு சினத்தால் கொதிப்பதை அவர் விரும்பவில்லை. அவர் நம் சமயத்தவர் அல்லர். எனினும் நாம் நாள்தோறும் ஓதும் பொறையை அவர் வாழ்ந்து காட்டினார். அவ்வாண்டு மே 28 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, சமயத்தின் பெயரால் நிகழும் வன்முறைக்கு ஆளானோரை நினைவுகூரும் நாளாக ஆகஸ்டு 22ஐ அறிவித்தது.

7. இல்லத்தில் செய்யத்தக்கவை

(அ) கொலைக் காட்சி கைப்பேசிக்கு வந்தால் பார்க்க வேண்டா, அனுப்ப வேண்டா, அழித்துவிடுக. அனுப்பியவரிடம் "இனி அனுப்பாதீர்கள்" எனப் பணிவாகச் சொல்லுக. உறவினராயினும் சொல்லுக.

(ஆ) பிள்ளைகள் கேட்டால் மறைக்க வேண்டா. நடந்ததைச் சில சொற்களில் கூறுக. காட்சியைக் காட்டாதீர். "அங்கே உதவியவர் யார்?" என்பதையும் சேர்த்துக் கூறுக. அச்சம் குறையும்.

(இ) ஒருவன் செயலுக்கு அவன் சமயத்தார் அனைவரையும் பழிக்கும் பேச்சு வீட்டில் எழுந்தால், மூத்தோர் அவ்விடத்திலேயே நிறுத்துக. பிள்ளைகள் பாடநூலைவிட நம் பேச்சையே கூர்ந்து கேட்கின்றனர்.

(ஈ) கொன்றவன் பெயரை மறந்து, இறந்தோரை நினைக. இக்கட்டுரையிலும் கொலைஞர் எவர் பெயரும் எழுதப்பெறவில்லை என்பதை வாசகர் கண்டிருப்பர்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. கள்வன் செய்யும் கொலைக்கும் பயங்கரவாதி செய்யும் கொலைக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. இரு நூறு பேர்க்கும் குறைவானோர் கண்ட காட்சி 15 இலட்சம் படிகளானது எவ்வாறு? அதில் "செய்தல், செய்வித்தல், உடன்படுதல்" மூன்றையும் பிரித்துக் காட்டுக.

3. இறப்பு குறைந்த ஆண்டிலும் அச்சம் குறையாமைக்குக் காரணம் யாது?

4. கடந்த ஒரு திங்களில் உங்கள் கைப்பேசியிலிருந்து சென்ற செய்திகளுள், ஒரு சமூகத்தாரை முழுவதுமாகப் பழித்தவை எத்தனை?

முதல் மூன்று வினாக்களுக்கு இளையோர் விடை எழுதுக. நான்காவது வினா பெரியோர்க்கு உரியது. அதற்கு விடையை எவரிடமும் காட்ட வேண்டுவதில்லை.