மாலைதீவுக்கு எந்த விமானம்?

கேள்வி: மாலைதீவில் தூரத் தீவு ஒன்றில் விடுதி பதிந்திருக்கிறோம். மாலேயிலிருந்து கடல் விமானமாம். கொழும்பிலிருந்து மாலை விமானத்தில் போகலாமா?
– வாசகி, தெல்தெனிய

வேண்டாம், சகோதரி. காலை விமானத்தையே எடுங்கள். கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகல் 3.30க்கு முன் மாலேயில் இறங்குவோரையே பெரும்பாலான விடுதிகள் அன்றைக்கே ஏற்றிச் செல்லும். பிந்தினால் ஓர் இரவு அங்கேயே தங்கவேண்டி வரும். கட்டுநாயக்கவிலிருந்து மாலேக்குப் பறப்பு ஒன்றரை மணி நேரம்தான். அங்கே நம் நேரத்தைவிட அரை மணி பின்னால் என்பதும் உங்களுக்குச் சாதகம்.

உங்களுக்கு உண்மையான தூரம் வீட்டிலிருந்து கட்டுநாயக்கதான். திகன வழியாகக் கண்டி வந்து, கொழும்பு வீதியில் இறங்க வேண்டும். நள்ளிரவில் வான் பிடித்து ஓடாமல், முதல்நாளே நீர்கொழும்பில் தங்கிவிடுங்கள். அந்தச் செலவு வீணில்லை.

மாலை விமானம்தான் கிடைத்தால் ஹுல்ஹுமாலேயில் அறை எடுங்கள். விமான நிலையத்திலிருந்து வீதி வழியாகவே போகலாம். விடியற்காலையில் கடல் விமானம் ஏறலாம்.

விசாவுக்கு அலைய வேண்டியதில்லை, இறங்கியதும் 30 நாளுக்கு இலவசமாகத் தருவார்கள். திரும்பும் டிக்கெட்டும் விடுதிப் பதிவும் கையில் இருக்கட்டும். பயணத்துக்கு முந்திய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்னும் பயணி அறிவிப்புப் படிவத்தை இணையத்தில் நிரப்புங்கள், அதற்கும் கட்டணமில்லை. பெட்டி கட்டும்போது கவனம்: கடல் விமானத்தில் பொதுவாக ஆளுக்கு 20 கிலோவும் கைப்பையில் 5 கிலோவும்தான்.